மெலிந்தும் பருத்தும் எங்களோடு வாழ்ந்த அண்ணன்

அன்புள்ள உறவினர்களுக்கும், நண்பர்களுக்கும், அண்ணனோடு வேலை பார்த்த தோழர்களுக்கும் வணக்கம்.

அண்ணன் இல்லாமல் ஓர் ஆண்டு கழிந்திருக்கிறது. அவர் மறைந்தபோது மூக்கண்டப்பள்ளியில் எங்கள் தெருமுனையில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில், 'உடல்நலக் குறைவால் காலமானார்' என்று போட்டிருந்தோம். அதைப் படித்துவிட்டுப் பலர் அண்ணியிடமும் என்னிடமும் தனியாக வந்து, உடம்புக்கு என்ன என்று கேட்டார்கள். இன்னும் சிலர் கேட்கவே இல்லை. அவர்களாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள் என்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. இந்த நினைவு மலருக்குக் கட்டுரை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, நல்லதை மட்டும் எழுதினால் போதும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அண்ணி மட்டும், "நடந்தத நடந்தபடி எழுது பாப்பா, நோய் பேரையும் எழுது" என்றார். அண்ணி சொன்னபடிதான் எழுதுகிறேன். இதில் என்னைப் பற்றியும் வரும். உங்களில் சிலரைப் பற்றியும் வரும். யாரையும் புண்படுத்த வேண்டும் என்பது நோக்கமல்ல.

அண்ணன் பிறந்தது ஊத்தங்கரை வட்டம் கல்லாவியில். எங்களுக்கு இருந்தது மழையை நம்பிய கொஞ்சம் நிலம். மழை பெய்தால் நிலக்கடலை, இல்லாவிட்டால் அதுவும் இல்லை. அண்ணனுக்கு ஒன்பது வயது இளையவள் நான். எங்களுக்கு நடுவே பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. அதனால் நான் அவருக்குப் பாப்பாவானேன். எனக்குக் கல்யாணமாகி, எனக்கே ஒரு பிள்ளை பிறந்த பிறகும் பாப்பாதான். அண்ணியும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டார்.

அண்ணன் பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது அப்பா மாரடைப்பில் இறந்தார். கல்லூரிக்குப் போக வேண்டும் என்று அண்ணனுக்கு ஆசை இருந்தது. அதை யாரிடமும் சொல்லாமல் ஐ.டி.ஐ.யில் டர்னர் பிரிவில் சேர்ந்தார். படிப்பு முடிந்த அடுத்த வாரமே ஓசூருக்குப் பேருந்து ஏறினார். மூக்கண்டப்பள்ளியில் ஓர் ஒற்றை அறையில் ஐந்து பேரோடு தங்கி, தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கு உதிரிபாகம் கடையும் ஒரு சிறிய கம்பெனியில் லேத் ஓட்டினார். ஒரே வருடத்தில் கன்னடமும் தெலுங்கும் பேசக் கற்றுக்கொண்டார். அங்கே பக்கத்து லேத்தில் நின்றவர் நயாஸ் பாய். அன்று தொடங்கிய நட்பு அண்ணனுக்குக் கடைசித் தண்ணீர் கொடுத்தது வரை நீடித்தது.

அண்ணன் கல்யாணம் செய்துகொண்டு தனி வீடு பார்த்ததும் அம்மாவையும் என்னையும் ஓசூருக்கு அழைத்து வந்தார். எனக்கு ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை கிடைத்தது அவரால்தான். எனக்கு மாப்பிள்ளை பார்த்து, இரண்டு தெரு தள்ளிக் குடிவைத்ததும் அவர்தான். அவர் மகள் பிறந்தபோது தெரு முழுக்க அவரே கொண்டுபோய் இனிப்புக் கொடுத்தார். அம்மா அந்தப் பேத்தியோடு பத்து வருடம் இருந்துவிட்டுப் போனார். பிறகு நடந்தவற்றை அம்மா பார்க்காமல் போனது நல்லது என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன்.

நோய் வருவதற்கு முன்பு அண்ணன் எப்படி இருந்தார் என்று உங்களுக்குத் தெரியும். நல்ல உயரம். எழுபத்திரண்டு கிலோ. கேழ்வரகுக் களியை அவரைப் போல் விரும்பிச் சாப்பிட்டவரை நான் பார்த்ததில்லை. அம்மா போன அடுத்த வருடம் அந்தக் களி தட்டில் மீதியாகத் தொடங்கியது. கம்பெனியில் வருடத்துக்கு ஒருமுறை எடை பார்ப்பார்கள். அந்த வருடம் அறுபத்து மூன்று. அம்மா போன கவலை என்று நினைத்தோம். அடுத்த வருடம் ஐம்பத்து நான்கு. பெல்ட்டில் ஆணியால் அவரே புதிதாக ஓட்டைகள் போட்டுக்கொண்டார். உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்தால் கண் இருட்டும் என்பார். சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்று, பிறகு நடப்பார். ஒருநாள் என்னிடம் சொன்னார்: "எந்திரிக்கணும்னு நெனைக்கிறேன் பாப்பா. கையும் காலும் நீ போ, நாங்க வரலன்னு சொல்லுது."

மெலிந்ததோடு நிறமும் மாறியது. ஓசூர்க் குளிரில், கூரைக்குக் கீழே டியூப் லைட் வெளிச்சத்தில் வேலை பார்த்தவர் அவர். ஆனால் நாள் முழுக்க வெயிலில் தார் ஊற்றியவரைப் போல் கறுத்தார். விரல் முட்டிகள் கறுத்தன. உள்ளங்கை ரேகைகள் பேனாவால் கோடு போட்டது போல் ஆயின. சிறுவயதில் அரிவாள் பட்ட தழும்பு ஒன்று அவர் முழங்கையில் வெள்ளையாக இருக்கும். அதுவும் கறுத்துப்போனது. அண்ணி அதைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார்.

இன்னொன்று உப்பு. ரசத்தில் உப்புப் போதவில்லை என்று தினமும் சொல்ல ஆரம்பித்தார். பிறகு சொல்வதை விட்டுவிட்டுத் தானே கைப்பிடி அள்ளிப் போட்டுக்கொண்டார். நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடியில் காய் இருக்கும், தண்ணீர் இருக்காது. அதை அவர் குடித்துவிடுவார். வேலைக்குப் போகும்போது சட்டைப்பையில் காகிதத்தில் உப்பு மடித்து எடுத்துப் போனார். ஒருநாள் கம்பெனி வாசலில் காவலாளி சோதனை போட்டபோது அந்தப் பொட்டலம் அகப்பட்டது.

"என்னய்யா பவுடர் இது?"

"உப்பு சார்."

"உப்ப எதுக்கு பாக்கெட்டுல வச்சிருக்க? கேன்டீன்ல இல்லாததா?"

ஏன் வேண்டியிருக்கிறது என்று அண்ணனுக்கே தெரியாது. சூப்பர்வைசரைக் கூப்பிட்டார்கள். அவர் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, எல்லோரும் கேட்கும்படி சிரித்தார். அப்புறம் கம்பெனியில் அண்ணனுக்கு உப்பு என்றே பட்டப்பெயர் ஆகிவிட்டது. நயாஸ் பாய் மட்டும் தன் டிபன் பாக்ஸில் ஒரு சின்ன டப்பா உப்பு கொண்டுவந்து, கேட்காமலே அண்ணன் பக்கம் நகர்த்துவார்.

டாக்டரிடம் காட்டாமல் இல்லை. ஒருவர் அல்சர் என்றார். ஒருவர் ரத்தசோகை என்றார். இன்னொருவர் மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்தார். எதிலும் குணமில்லை. இதற்குள் உறவுக்குள் ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. யார் முதலில் சொன்னது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. பெங்களூருக்கு அடிக்கடி போய்வருபவர், ஆள் பாதியாகிவிட்டார், நிறம் மாறிவிட்டது, அப்படியானால் அந்த நோய்தான் என்றார்கள். அண்ணன் பெங்களூருக்குப் போனது கம்பெனிக்குச் சாமான் எடுத்துவர. அதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

என் வீட்டுக்காரர் அண்ணனைக் கையோடு கூட்டிக்கொண்டு போய் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யவைத்தார். இல்லை என்று முடிவு வந்தது. பேச்சு நிற்கவில்லை. ரிப்போர்ட்டை மாற்றி எழுதி வாங்கியிருப்பார்கள் என்றார்கள். எனக்கு அந்த ரிப்போர்ட்டில் சந்தேகம் இல்லை. இருந்தும் எனக்குள் ஒரு பயம் ஒட்டிக்கொண்டது. என் பையனுக்கு அப்போது ஒன்றரை வயது. மாமா வந்தால் மடியை விட்டு இறங்கமாட்டான். நான் அண்ணனுக்கென்று ஒரு தட்டையும் ஒரு டம்ளரையும் தனியாக எடுத்துவைத்தேன். அவற்றைத் தனியாகத் தேய்த்தேன். அப்படி ஒரு நோயே இருந்தாலும் டம்ளரில் தொற்றாது என்று எங்கள் கம்பெனியில் கூட்டம் போட்டுச் சொல்லியிருந்தார்கள். தெரிந்தும் செய்தேன்.

அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கவனித்துவிட்டார். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தபோது கையில் ஒரு துணிப்பை இருந்தது. காபி கொண்டுவந்தேன். பையிலிருந்து தன் வீட்டு டம்ளரை எடுத்து நீட்டி, "இதுல ஊத்து பாப்பா" என்றார். குடித்துவிட்டு அவரே குழாயடியில் கழுவிப் பையில் போட்டுக்கொண்டார். பையனைத் தூரத்திலிருந்தே பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கையசைத்துவிட்டுப் போனார்.

அந்த வருடம் கல்லாவியில் எங்கள் சித்தப்பா பேரனுக்குக் காதுகுத்து. அண்ணன் அப்போது நாற்பத்தெட்டு கிலோ. போகவேண்டாம் என்று அண்ணி சொல்லியும், முறை விட்டுப்போகக் கூடாது என்று வந்தார். முதல் பந்தியில் அவர் உட்கார்ந்தபோது இரண்டு பக்கத்து இலைகளும் காலியாகவே இருந்தன. உட்காரப் போனவர்கள் எதிர்வரிசைக்குப் போனார்கள். அண்ணன் கொஞ்ச நேரம் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாம்பார் வருவதற்குள் எழுந்துவிட்டார். நான் எதிர்வரிசையில் என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து அண்ணன் பக்கத்தில் போய் உட்கார எனக்கு எத்தனை அடி தூரம் என்று இன்றும் சொல்ல முடியும். போகவில்லை.

அவர் தனியாகப் பேருந்து ஏறினார். கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தில் இறங்கும்போது படியிலேயே விழுந்துவிட்டார். நடத்துநரும் பூ விற்கும் ஓர் அம்மாவும் ஆட்டோவில் தூக்கிப்போட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். போன் வந்து அண்ணியும் நானும் போய்ச் சேர்ந்தபோது குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. ரத்த அழுத்தம் மிகவும் இறங்கியிருந்தது. கட்டில் பக்கத்தில் இளம் வயது டாக்டரம்மா ஒருவர் நின்று, அண்ணனின் உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாயைத் திறக்கச் சொல்லி ஈறுகளைப் பார்த்தார். ஈறுகளில் மை தொட்டது போல் கறுப்புத் திட்டுகள் இருந்தன. எங்களில் ஒருவரும் அதைக் கவனித்ததில்லை.

"உப்பு நெறைய சாப்புடணும்னு தோணுமா உங்களுக்கு?" என்று கேட்டார் அவர்.

அண்ணன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதார். அப்பா செத்தபோது அழாதவர்.

"அழாதீங்க. இது பைத்தியமில்ல, கெட்ட பழக்கமுமில்ல. உங்க உடம்பு உப்பத் தேக்கி வைக்க முடியாம வெளிய விட்டுருது. அதான் கேக்குது" என்றார் டாக்டரம்மா. பெங்களூரில் ஒரு பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். நயாஸ் பாய் லீவு போட்டுக் கூடவே போனார். நான்கு நாள் பரிசோதனைக்குப் பிறகு நோயின் பெயர் கிடைத்தது. அடிசன் நோய். சிறுநீரகத்தின் தலையில் தொப்பி வைத்தது போல் இரண்டு சிறிய சுரப்பிகள் இருக்குமாம். எப்போதோ வெளியே தெரியாமல் வந்த காசநோய் அவற்றைத் தின்றுவிட்டிருந்தது. அந்தச் சுரப்பிகள் தரவேண்டியதை இனி மாத்திரைதான் தரவேண்டும். ஒருநாள் கூடத் தவறக்கூடாது. காய்ச்சல் வந்தால் இரட்டிப்பாக்க வேண்டும். வாந்தி எடுத்து மாத்திரை தங்காவிட்டால் ஊசி போட்டே ஆகவேண்டும். இதை டாக்டர் மூன்று முறை சொன்னதாகவும், மூன்று முறையும் அண்ணன் திருப்பிச் சொன்னதாகவும் நயாஸ் பாய் சொன்னார்.

மாத்திரை ஆரம்பித்த இரண்டாம் வாரத்தில் அண்ணன் களி கேட்டார். அண்ணி கிண்டிய களியில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. மூன்று மாதத்தில் எழுபதைத் தொட்டார். தோல் பழைய நிறத்துக்கு வந்தது. ஒருநாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் பை இல்லை. நான் எல்லோரும் குடிக்கும் டம்ளரில் காபி கொடுத்தேன். அவர் குடித்தார். அதைப் பற்றி நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நாள் போய்விட்டது, பிறகு வருடங்கள் போய்விட்டன.

எடை எழுபதோடு நிற்கவில்லை. காசநோய் மருந்தும் சேர்ந்து நடந்ததால் இந்த மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டியிருந்தது. எண்பத்தைந்து கிலோ வரை போனார். கையும் காலும் அப்படியே இருக்க, வயிறும் கழுத்தும் முகமும் பருத்தன. கன்னம் உருண்டு, கண்கள் சிறுத்துப்போயின. மெலிந்தபோது ஒரு பேச்சு பேசிய நம் உறவு, பருத்தபோது வேறொரு பேச்சு பேசியது. குடிக்கிறார், ஈரல் வீங்கிவிட்டது என்றார்கள். அண்ணன் வாழ்நாளில் சாராயத்தைத் தொட்டவரில்லை. ஆதார் அட்டைப் படத்தைப் பார்த்துவிட்டு வங்கியில், "இது நீங்கதானா?" என்று கேட்டார்களாம். "மூணு வருசத்துக்கு ஒருக்கா ஆள் மாறிடுறேன் மேடம்" என்று சொல்லிவிட்டு வந்ததாகச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

மயங்கி விழுபவரை மெஷினில் நிறுத்த முடியாது என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அதில் அவர்கள் மேல் குறை சொல்ல அண்ணனுக்கு மனமில்லை. தெரிந்தவர் ஒருவர் மூலம் தளியில் ரோஜா வளர்க்கும் பசுமைக்குடில் ஒன்றில் மோட்டாரும் சொட்டுநீர்க் குழாயும் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. வாரத்தில் ஐந்து நாள் அங்கே தங்குவார். அந்தக் குளிர் அவர் உடம்புக்கு ஒத்துக்கொண்டது. அங்கே எல்லோரும் கன்னடத்தில்தான் பேசுவார்கள். அவரைத் தமிழர் என்றே பலருக்குத் தெரியாது. அங்கே யாருக்கும் அவர் பழைய முகம் தெரியாது என்பதும் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். தன் நோயின் பெயரையும், மயங்கினால் என்ன ஊசி போடவேண்டும் என்பதையும் தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி, லேமினேஷன் செய்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெங்களூருக்குப் போவார். தர்மபுரி, ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து வந்து பாஷை தெரியாமல் விழிக்கிறவர்களை அங்கே பார்த்துவிட்டால் போதும். அவர்களுக்குச் சீட்டு வாங்கிக் கொடுத்து, டாக்டர் சொல்வதைத் தமிழில் சொல்லி, ஸ்கேன் எடுக்கும் இடம் வரை கூட்டிப்போய் விட்டுவிட்டுத்தான் தன் முறைக்கு வருவார். முறை தவறி, மறுநாளும் போன தடவைகள் உண்டு. அவர் மறைந்த பிறகு அவர் போனுக்கு முகம் தெரியாத எத்தனையோ பேர் கூப்பிட்டு, "அண்ணன் எப்ப ஆஸ்பத்திரிக்கு வருவாரு?" என்று கேட்டார்கள். அண்ணிதான் பதில் சொன்னார்.

இப்படி ஒன்பது ஆண்டுகள். நல்லவையும் இருந்தன, பயந்த நாள்களும் இருந்தன. இரண்டு முறை காய்ச்சலில் விழுந்து, இரண்டு முறையும் சரியான நேரத்தில் ஊசி போட்டு எழுந்துவந்தார்.

சென்ற ஆண்டு அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம் முடிவானது. மாப்பிள்ளை வீடு ராயக்கோட்டைப் பக்கம். அதற்கு ஒரு மாதம் முன்பு புடவை எடுக்க எல்லோரும் போயிருந்தோம். கடையில் உட்கார்ந்திருந்தபோது உறவினர் ஒருவர் வேடிக்கையாக, "பொண்ணோட அப்பாவ வயித்தப் பாத்து மேளக்காரருன்னு நெனச்சிருவாங்க போல" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும், "போட்டோல அண்ணனுக்கு ரெண்டு ஆள் எடம் விடணும்" என்று சேர்த்துச் சொன்னேன். அண்ணனும் சிரித்தார். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று, "நெசமாவே அவ்ளோ அசிங்கமாவா இருக்கேன்?" என்று கேட்டதாக அண்ணி பிறகு சொன்னார். மகள், "போப்பா, நீ எப்பவும் போலத்தான் இருக்க" என்றாளாம்.

நிச்சயதார்த்தத்தன்று அண்ணன் கொஞ்சம் இளைத்துத்தான் இருந்தார். கன்னம் வடிந்திருந்தது. பட்டு வேட்டியில் பழைய சாயல் தெரிந்தது. வந்தவர்கள் எல்லாம், "இப்பத்தான் பழைய ஆளு" என்று பாராட்டினார்கள். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நடைப்பயிற்சி போகிறேன் என்று எல்லோரிடமும் சொன்னார். இடையிடையே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். அலைச்சல் என்று நினைத்தேன்.

ரோஜா ஏற்றுமதி மும்முரமாக நடக்கும் காலம் அது. மறுநாளே தளிக்குப் போய்விட்டார். நான்காம் நாள் மதியம் எனக்கு போன் செய்தார்.

"ரெண்டு தடவ வாந்தி பாப்பா. இங்க சாப்புட்டது ஒத்துக்கல போல."

"உப்புப் போட்டுக் கஞ்சி குடிண்ணா. சாயந்தரம் கூப்புடுறேன்."

"சரி. மோட்டார் ஒண்ணு நின்னுபோச்சு. அத ஓட்டி வுட்டுட்டுப் படுக்குறேன்."

வாந்தி என்றால் ஊசி. ஒன்பது ஆண்டுகளாக எனக்குத் தெரிந்த விஷயம். அன்று கம்பெனியில் அசெம்ப்ளி லைனில் நின்றபடி பேசியவளுக்கு அது நினைவுக்கு வரவில்லை. அவசரத்துக்கு வாங்கிவைத்திருந்த ஊசி மூக்கண்டப்பள்ளி வீட்டு அலமாரியில் இருந்தது.

மாலையில் மோட்டார் அறையில் அவர் விழுந்துகிடந்ததைப் பார்த்துக் கூட வேலை செய்தவர்கள் பூ ஏற்றும் வண்டியில் தூக்கிப்போட்டு ஒரு கிளினிக்குக்குக் கொண்டுபோனார்கள். அங்கே குளுக்கோஸ் மட்டும் ஏற்றினார்கள். நோயின் பெயர் எழுதிய அந்த அட்டை அன்று போட்டிருந்த வேலைச் சட்டையில் இல்லை. அண்ணி போனில் சொல்லி, ஓசூருக்குக் கொண்டுவந்து, அந்த ஊசி போட்டபோது நேரம் கடந்திருந்தது.

மறுநாள் காலையில் அவருக்கு ஒரு மணி நேரம்போல நல்ல நினைவு வந்தது. ஒவ்வொருவராக உள்ளே விட்டார்கள். நான் போய்க் கையைப் பிடித்தேன். பத்து ஆண்டுகளாகச் சொல்லாததை அங்கே சொன்னேன்.

"அண்ணா, பையன் சின்னவனா இருந்தப்ப உனக்குத் தனி டம்ளர் வெச்சேனே..."

அவர் கண்ணை மூடித் திறந்தார். "கைக்கொழந்த இருந்த வீடு. நானா இருந்தாலும் அப்பிடித்தான் பண்ணியிருப்பேன். விடு பாப்பா."

அண்ணன் என்னிடம் பொய் சொன்னது மிகக் குறைவு. அது ஒன்று. அவர் அப்படிச் செய்திருக்கவே மாட்டார்.

அதற்கடுத்த நாள் மதியம் அவர் உயிர் பிரிந்தது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, அவர் சவரச் சாமான் வைக்கும் பெட்டியில் ஒரு பிளாஸ்டிக் பொட்டலம் இருந்ததை அண்ணி எடுத்துவந்து காட்டினார். பாதி பாதியாக உடைத்த மாத்திரைகள். புடவைக் கடைக்குப் போய்வந்த நாளிலிருந்து தினமும் பாதியைத்தான் விழுங்கியிருக்கிறார். மகளின் நிச்சயதார்த்தப் படத்தில் நன்றாகத் தெரியவேண்டும் என்று. மீதியைத் தூக்கிப்போடவும் மனம் வரவில்லை. பெங்களூர் டாக்டரிடம் போய்க் கேட்டோம். அளவைக் குறைத்தது காரணமாக இருக்கலாம், ஊசி தாமதமானது காரணமாக இருக்கலாம், பிரித்துச் சொல்ல முடியாது என்றார். அவர் சொன்னதோடு எங்கள் மனம் சமாதானமாகவில்லை. நாங்கள் கடையில் சிரித்த சிரிப்புக்கு இதில் எவ்வளவு பங்கு என்று சொல்ல எந்த டாக்டராலும் முடியாது. அண்ணி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அண்ணனும் அண்ணியும் இந்த விஷயத்தில் ஒரே மாதிரி.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். பேருந்துப் படியில் விழுந்தவரை முன்பின் தெரியாமல் தூக்கிப்போன நடத்துநருக்கும் பூக்கார அம்மாவுக்கும். கிருஷ்ணகிரியில் அவர் உள்ளங்கையை விரித்துப் பார்த்த டாக்டரம்மாவுக்கு. இந்த மலரைக் கொடுக்கலாம் என்று போனோம், அவர் மாறுதலாகிப் போய்விட்டார். ஒன்பது ஆண்டுகள் பொறுமையோடு பார்த்த பெங்களூர் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும். தளியில் வண்டியில் இருந்த பூவை இறக்கிப் போட்டுவிட்டு அண்ணனை ஏற்றிய தோழர்களுக்கு. எல்லோருக்கும் முன்னால் நயாஸ் பாய்க்கு. கல்யாணத்தை ஓர் ஆண்டு தள்ளிவைக்க ஒப்புக்கொண்டு, மாதம் தவறாமல் வந்து பார்த்துப்போகும் மாப்பிள்ளை வீட்டாருக்கு. காரியத்தன்று வந்து எங்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்த உங்கள் எல்லோருக்கும்.

இந்த மலரின் அட்டைக்குப் படம் தேர்ந்தெடுத்தபோது வீட்டில் ஒரு விவாதம் நடந்தது. நிச்சயதார்த்தப் படத்தைப் போடலாம் என்று எல்லோரும் சொன்னோம். பட்டு வேட்டி, வடிந்த கன்னம், சிரித்த முகம். அச்சகத்துக்கும் அதையே அனுப்பிவிட்டோம். அண்ணி கேள்விப்பட்டு என் வீட்டுக்கு வந்தார். தன் போனைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினார். தளியில் பசுமைக்குடிலுக்கு முன்னால் அண்ணன் நிற்கிறார். வேலைச் சட்டை வயிற்றில் இறுக்கிப் பிடித்திருக்கிறது. முகம் வட்டமாக ஊதியிருக்கிறது. கண்கள் சிரிப்பில் பாதி மூடியிருக்கின்றன.

"நிச்சயத்துல எடுத்தது நல்லாருக்கே அண்ணி" என்றேன்.

"அது பாதி மாத்திர முழுங்குன மூஞ்சி" என்றார் அண்ணி. "இது முழு மாத்திர முழுங்குன மூஞ்சி. இந்த மூஞ்சியோடதான் அவரு எங்ககூட ஒம்பது வருசம் இருந்தாரு. இதப் போடு."

அச்சகத்துக்கு நானே போய்ப் படத்தை மாற்றினேன். அட்டையைப் பார்த்து, இது யார் என்று உங்களில் சிலருக்குத் தோன்றியிருக்கலாம். அது எங்கள் அண்ணன்தான்.

தங்கை
மூக்கண்டப்பள்ளி, ஓசூர்